இனிப் பிறக்கும் பிள்ளைகளும்

என் மேசை இழுப்பறையில் ஓர் இரும்பு அடிமட்டம் கிடக்கிறது. பன்னிரண்டு அங்குல நீளம். ஒரு மூலையில் துருப் பிடித்திருக்கிறது. இடது பக்கத்தில் இரண்டாம் அங்குலமும் மூன்றாம் அங்குலமும் தேய்ந்து இலக்கம் தெரியாமல் போய்விட்டன. அந்த இடத்தில் இருபத்திரண்டு வருடங்கள் ஒரு பெருவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. அந்த விரலுக்குரியவர் இறந்து இரண்டு பனிக்காலங்கள் கழிந்துவிட்டன. கோடு கீற இப்போது யாருக்கும் அடிமட்டம் தேவையில்லை. என் அலுவலகத்தில் பென்சில்கூட இல்லை. இருந்தும் அதை நான் எறியவில்லை. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஏழு மாத வயிற்றோடு ஓர் இளம்பெண் மூச்சு வாங்கப் படியேறி வந்து, துணியில் சுற்றிய பெரிய பிரேம் ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். அவள் துணியை அவிழ்த்து முடிக்கும் முன்பே என் கை இழுப்பறையைத் திறந்துவிட்டது. பிரேமின் பொன்னிற ஓரத்தைக் கண்டதுமே அது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடிமட்டத்துக்குரியவரை நாங்கள் எல்லாரும் அக்கா என்றே அழைத்தோம். ரொறன்ரோ வழக்கப்படி அன்ரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். ஆனால் வேலைக்கு வந்த முதல் நாளே, “அன்ரி கிண்ரி எண்டு என்னைக் கிழவியாக்காதையுங்கோ தம்பி” என்று சொல்லிவிட்டார். மோர்னிங்சைட்டில் ஒரு பல்மருத்துவருக்கு மேல்மாடியில் நான் மொழிபெயர்ப்பு அலுவலகம் தொடங்கியிருந்த காலம் அது. பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, காணி உறுதிப் பத்திரம், இவைதான் எங்கள் சோறு. எனக்கு ஆங்கிலம் சரளம். பழைய தமிழ்க் கையெழுத்தைக் கண்டால் கண் இருட்டும். அக்கா யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் உறுதிகளைப் பார்த்துப் பிரதி எழுதும் வேலையில் இருந்தவர். இங்கே வந்து பரீட்சை எழுதி அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரும் ஆனார். முத்திரை அவருடையது. நான் முதலாளி, ஆனால் அந்த முத்திரை விழாவிட்டால் என் அலுவலகத்திலிருந்து ஒரு கடதாசியும் வெளியே போக முடியாது.

அவர் வேலை செய்யும் முறை என்னைப் பல நாள் பொறுமை இழக்க வைத்தது. ஒரு வரியின் கீழே அடிமட்டத்தை வைப்பார். அந்த வரி கணினியில் ஏறி, இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கும். நடுவில் தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டார். வீடு எரிகிறது என்றாலும் அந்த வரியை முடித்துவிட்டுத்தான் எழும்புவார் என்று நாங்கள் கேலி பண்ணுவோம். ஒருநாள் நான் எரிச்சலில், உங்களுக்குக் கண் நல்லாய்த்தானே இருக்கிறது, இந்த இரும்பு எதற்கு என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். “மனுசன்ரை கண் தனக்குப் பிடிக்காத வரியைத் தாண்டிப் போயிடும் தம்பி. கண்ணுக்கே தெரியாது தாண்டினது.” அதை நான் ஒரு பழைய எழுத்தரின் பிடிவாதம் என்று எண்ணிச் சிரித்தேன்.

பதினொரு வருடங்களுக்கு முன் ஸ்ரௌவ்விலிலிருந்து ஓர் அங்கிள் வந்தார். புதிதாக வீடு வாங்கியிருந்தார். ஊர்ச் சங்கத்தின் தலைவர். சங்கத்துக் குடும்பங்களின் கடதாசி வேலை எல்லாம் அவர் வாயால்தான் எங்களுக்கு வந்துகொண்டிருந்தது, அதனால் அவர் வந்தால் நான் எழுந்து நிற்பேன். அவருடைய மகளுக்குக் கலியாணம். மண்டப வாசலில் வைப்பதற்கு ஒரு யோசனை வைத்திருந்தார். அவருடைய குடும்பத்துப் பழைய சீதன உறுதி ஒன்று, ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், போய் ஆங்கிலேய வெள்ளைக்காரர் வந்த காலத்தில் ஓலையில் எழுதப்பட்டது, பின்னாளில் கடதாசியில் பிரதி எடுக்கப்பட்டு ஊரில் ஒரு பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்துவிட்டார். பெரிதாக்கிப் பொன்னிறப் பிரேம் போட்டு, பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வைத்தால், இங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்று அறிவார்கள். “எங்கடை வீட்டுப் பொம்பிளைப் பிள்ளையளை அப்பவே எப்பிடிக் குடுத்து அனுப்பியிருக்கினம் எண்டு சனம் பாக்கட்டும்” என்றார். எனக்கும் யோசனை பிடித்துத்தான் இருந்தது.

அக்கா அடிமட்டத்தை எடுத்தார். அங்கிள் எதிரே கோப்பியோடு இருந்தார். அக்கா ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்துக்கொண்டே போனார், நான் தட்டச்சு செய்தேன். வயல் இன்ன பரப்பு. கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும். பனங்காணி. காதுக்கும் கழுத்துக்குமான நகைகள். பசுவும் கன்றும். அடுத்த வரிக்கு அடிமட்டம் இறங்கியது. அக்கா வாசிக்கவில்லை. அங்கிள் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அக்கா மற்ற வரிகளை வாசித்த அதே குரலில் வாசித்தார்: அடிமை சின்னி, அவள் மகள் பொன்னி, மகன் வேலன், இனிப் பிறக்கும் பிள்ளைகளும். அவர்கள் எந்தச் சாதி என்றும் அதே வரியில் எழுதியிருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைத் தேடி வாசிக்கும் கண்கள் இந்த நகரத்திலும் இன்னும் இருக்கின்றன.

அங்கிள் அந்த வரி அங்கே இருப்பதை முன்பே அறிந்திருந்தார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. “உந்த வரி தேவையில்லை, விடுங்கோ” என்றார். கலியாண வீட்டில் எல்லாரும் வாசிக்கிறது, பிள்ளைகள் குழம்பும், இங்கத்தைச் சனத்துக்கு எங்கடை விசயம் விளங்காது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் கடைசியாக, “அந்தக் காலத்திலை சட்டம் அப்பிடி, ஆர் என்ன செய்யிறது” என்றார்.

“சட்டம் அப்பிடி எண்டால் அதையும் எழுதுவம் அண்ணை” என்றார் அக்கா. “அடியிலை ஒரு குறிப்பு. அரைப் பக்கம் போதும்.”

நான் அவசரமாக நடுவில் புகுந்து, நாளைக்குப் பேசுவோம் என்று அங்கிளை வழியனுப்பினேன். அவர் படியிறங்கும்போது என் தோளைத் தட்டி, “நீர் பாத்துச் செய்யும்” என்றார். அந்தத் தட்டலில் சங்கத்தின் இருநூறு குடும்பமும் இருந்தது.

அன்றும் மறுநாளும் அக்கா எனக்கு அந்தச் சட்டத்தைச் சொன்னார். பாடம் நடத்தவில்லை, என்னோடு சண்டை பிடித்தார், நானும் திருப்பிப் பிடித்தேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துக் காணியை ஒரு பெண் விற்பதற்குப் புருஷன் ஏன் கையெழுத்திட வேண்டும் என்று இங்கத்தைச் சட்டத்தரணிகளுக்கு வாரம் ஒரு முறையாவது நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அதே தேசவழமையில் சீதனத்துக்கும் முதுசம் என்ற பரம்பரைச் சொத்துக்கும் ஒரு பகுதி இருப்பதைப்போல அடிமைகளுக்கும் ஒரு பகுதி இருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் முழு உண்மையல்ல. கேட்டு வைத்திருக்கவில்லை. ஒல்லாந்தர் எங்கள் வழக்கங்களைத் திரட்டி எழுதி, ஊர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டி, அவர்கள் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே அது சட்டமானது என்றார் அக்கா. யார் யாருக்கு அடிமை, பிள்ளை யாருக்குச் சேரும், எல்லாம் அதில் இருந்தது. பிள்ளை தாயோடு போகும். தாய் அடிமையென்றால் வயிற்றிலிருப்பதும் அடிமை. ஆகவே “இனிப் பிறக்கும் பிள்ளைகளும்” என்பது உறுதி எழுதியவரின் கற்பனை அல்ல, சட்டம் தெரிந்த ஒருவர் கவனமாக எழுதிய வாசகம். வெள்ளைக்காரர் வந்து அடிமைகளைப் பதிவேட்டில் பதிய வைத்தார்கள், பிறகு ஒரேயடியாக ஒழித்தார்கள். காணிப் பகுதி மட்டும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

ஒரு விசயம் என்னை மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்துக்கொண்டது. ஒல்லாந்தர் காலத்தில் ஓர் எசமான் தன் அடிமையை விடுவிக்க விரும்பினால் கோயிலில், அதாவது அவர்களுடைய தேவாலயத்தில், அறிவிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து சபையின் முன் வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால்தான் விடுதலைக் கடதாசி. “எங்கடை கோயிலிலை கலியாணத்துக்கு முன்னம் மூண்டு ஞாயிறு ஓலை வாசிக்கிற மாதிரி” என்றார் அக்கா. அவர் கத்தோலிக்கர், பூசை தவறவிடாதவர். “ஒரு மனுசி தன்ரை பாட்டுக்கு நடந்து போறதுக்கு, ஊர் முழுக்க மூண்டு கிழமை யோசிக்கோணும்.”

நான் விடவில்லை. அங்கே அப்படியென்றால் இந்த நாடு அப்படியில்லை, இங்கே ஓடிவந்தவர்களுக்கு விடுதலை கொடுத்த மண், ஏன் அந்தக் குப்பையை இங்கே கொட்ட வேண்டும் என்று வாதாடினேன். குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்ததை அப்படியே ஒப்பித்தேன் என்பது பேசி முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அக்கா சிரித்தார். அடிமைமுறை பற்றி இந்த மாகாணம் இயற்றிய முதற் சட்டத்தை அவர் நூலகத்தில் வாசித்திருக்கிறார். புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது என்று அது சொன்னது, உண்மை. ஆனால் ஏற்கெனவே அடிமையாக இருந்தவர் சாகும்வரை அடிமைதான். அவர்களுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் இருபத்தைந்து வயது வரை எசமானுக்கு உழைத்துவிட்டுப் போகலாம். “இஞ்சையும் வயித்துப் பிள்ளையைக் கணக்கெடுத்துத்தான் எழுதியிருக்கினம்” என்றார்.

அப்போதுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். யாழ்ப்பாணத்தான் மட்டுமே செய்யக்கூடிய பிழை. இவ்வளவு பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. மிக மரியாதையாக, வேறெதையோ கேட்பவன்போல, “அக்கா, ஊரிலை நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். ஊரைக் கேட்கிறோம், கோயிலைக் கேட்கிறோம், எந்த ஒழுங்கை என்று கேட்கிறோம். கேட்பது என்ன என்று இருவருக்கும் தெரியும். பத்து வருடத்துக்கு மேல் என் பக்கத்தில் இருந்து வேலை செய்த ஒருவரிடம் அதைக் கேட்டேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். “நான் சின்னியின்ரை ஆள் எண்டு நினைச்சிட்டியள். அவையின்ரை ஆக்களுக்குத்தான் நோகும் எண்டு நினைச்சிட்டியள், என்ன?” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “எங்கடை வீட்டிலை பரம்பரையா உறுதி எழுதுற நொத்தாரிசு வேலை. உப்பிடி வரியளை எழுதினது எங்கடை ஆக்கள்தான். வடிவான கையெழுத்து எண்டு பேர் வாங்கினவை.”

அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது. வெட்கப்பட்டவன் திருந்தியிருக்க வேண்டும். நான் திருந்தவில்லை. மறுநாட் காலை, அந்த வரி இல்லாத மொழிபெயர்ப்பு ஒன்றை நானே அச்சடித்து, முத்திரைக்காக அவர் முன்னால் வைத்தேன். சங்கம் போனால் எங்களிடம் வேலை செய்கிற இரண்டு பிள்ளைகளின் வேலையும் போகும் என்று சொன்னேன். அக்கா அடிமட்டத்தைப் பசுவும் கன்றும் இருந்த வரிக்குக் கீழே வைத்தார். அடுத்த வரிக்கு இறக்கினார். அங்கே செம்புக் குடங்கள் இருந்தன. முத்திரையை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, “என்ரை பேர்தான் அதிலை கிடக்கு. உங்களுக்கு ஏலுமெண்டால் குத்துங்கோ” என்றார். நான் குத்தவில்லை. அது என் நேர்மையால் அல்ல, அவர் பார்த்துக்கொண்டிருந்ததால்.

முழு மொழிபெயர்ப்பு, சட்டத்தைப் பற்றிய அரைப் பக்கக் குறிப்பு, கீழே அக்காவின் முத்திரை. உறையில் போட்டு அங்கிளிடம் கொடுத்தேன். அவர் அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டு, உறையை மடித்துக்கொண்டு போனார். சங்கத்தின் வேலையும் அவரோடு போனது. ஆறு மாதம் நெருக்கடிதான். பிறகு மன்னார்ச் சனமும் தீவுச் சனமும் வந்தார்கள். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு வரியைக் காப்பாற்றியதால் அலுவலகம் மூழ்கவில்லை என்று இன்று என்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியும், காப்பாற்றியது நானல்ல என்றாலும்.

கலியாணத்துக்கு எனக்கு மட்டும் அழைப்பு வந்தது. போனேன். மண்டப வாசலில் பொன்னிறப் பிரேம் நின்றது. பூமாலைகூடப் போட்டிருந்தார்கள். உள்ளே தமிழ் உறுதி மட்டும், முழுதாக, பெரிதாக. ஆங்கிலம் இல்லை. இளம் பிள்ளைகள் அதன் முன் நின்று படம் எடுத்தார்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்த பெரியவர்கள் வயலும் நகையும்வரை வாசித்துவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப சரி” என்றார். தோற்றுவிட்டாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் அக்காவின் கார் பழுதாகிவிட்டது. தமிழ்ப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். நான் சைவ சமயம். அவரை வாசலில் இறக்கிவிட்டு, கோப்பி வாங்கிக்கொண்டு காருக்குள் இருந்து செய்தி கேட்பேன். இரண்டு ஞாயிறு அப்படிப் போனது. மூன்றாம் ஞாயிறு கடும் குளிர், காரின் சூடு போதவில்லை, உள்ளே போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். அவர்களுக்கு அது இறந்தவர்களை நினைக்கும் மாதம். குடும்பங்கள் எழுதிக்கொடுத்த பெயர்களை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று பெயர் சேர்ந்த நீண்ட பெயர்கள், பட்டங்கள், ஊர்கள். நடுவில் மூன்று பெயர்கள் தனியாக வந்தன, முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லாமல்: சின்னி, பொன்னி, வேலன். வாசித்தவர் ஒரு கணம் நின்றார், மீதிப் பெயர் எங்கே என்று தேடியவரைப்போல. பிறகு அடுத்த பெயருக்குப் போனார். சபை தலை குனிந்திருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

திரும்பி வரும்போது, முதல் இரண்டு ஞாயிறும் வாசித்தார்களா என்று கேட்டேன். ஓம் என்றார். என் வாய் சும்மா இருக்குமா? “அவை சைவமெல்லோ அக்கா?” என்றேன்.

“சட்டத்திலை கோயிலிலை வாசிக்கோணும் எண்டுதான் கிடக்கு தம்பி. அவை எந்தச் சமயம் எண்டு கேக்கேல்லை.” சிறிது தூரம் போன பிறகு, “பிறக்கப் போன பிள்ளையளின்ரை பேர்தான் தெரியேல்லை” என்றார். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவர் தோற்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதன் பிறகு, அவர் இருக்கும்வரை ஒவ்வொரு நவம்பரிலும் அந்த மூன்று பெயர்களும் வாசிக்கப்பட்டன. கார் பழுதாகாத வருடங்களிலும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

சென்ற மாதம் வந்தவள் அந்தக் கலியாணப் பெண். ரூஜ் பக்கம் புது வீடு. அப்பா இதைத் தனக்குத் தந்துவிட்டார் என்றாள். “வோலிலை மாட்டப் போறன் அங்கிள். பட், என்ன எழுதியிருக்கு எண்டு எனக்குத் தெரியாது. கீழை வைக்க இங்கிலிஷிலை ஒரு கார்ட் வேணும்.” அக்காவின் மொழிபெயர்ப்பு எங்கள் கோப்பில் இருந்தது. அச்சடித்து அவள் முன்னால் வைத்து, முதல் வரியின் கீழே அடிமட்டத்தை வைத்தேன். அவள் இது ஏதோ விளையாட்டு என்பதுபோல் சிரித்தாள், ஆனால் நான் வைத்த வரியை மட்டும் வாசித்தாள். வயல். கிணற்றில் பங்கு. பனங்காணி. நகைகள். பசுவும் கன்றும் வந்தபோது, “சோ க்யூட்” என்றாள். நான் அடிமட்டத்தை இறக்கினேன்.

அவள் அந்த வரியை வாசித்தாள். மீண்டும் வாசித்தாள்.

“அங்கிள், இது ஆக்களோ?”

“ஓம் பிள்ளை.”

என் பெருவிரல் தேய்ந்த இடத்தில் இருந்தது. அடுத்த வரிக்குப் போகும்படி அவள் சொல்லவில்லை, நானும் போகவில்லை. “இனிப் பிறக்கிற பிள்ளையளும் எண்டால், ஃபார் ஹவ் லோங்? எவ்வளவு காலத்துக்கு?”

“கடதாசியிலை முடிவு எழுதேல்லை.”

அவள் கண்ணாடிக்குள் இருந்த தமிழைப் பார்த்தாள். அந்த வரி எது என்று கேட்டாள், காட்டினேன். தெரியாத எழுத்துகளின்மேல் விரலை வைத்து, ஆங்கிலத்தில் இருந்த மூன்று பெயர்களையும் தன் நாவுக்கு வந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு, “கார்டிலை எல்லாத்தையும் போடுங்கோ அங்கிள். இந்த லைனையும்” என்றாள்.

அதன் பிறகுதான் அடிமட்டத்தை இறக்கினேன். அடுத்த வரியில் இரண்டு செம்புக் குடங்கள் இருந்தன.